பச்சைமலையில் சாவிச் சத்தம்

மலையில் கால் வைப்பதற்கு முன்னால் எங்கள் வேனில் ஒரு சடங்கு உண்டு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். சில்லறைக் காசு, சாவி, கண்ணாடி வளையல் என்று நடக்கும்போது சத்தம் போடக்கூடிய எதுவானாலும் அதில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். செல்போன் வாயை அடைக்க வேண்டும். கொலுசு போட்டுக்கொண்டு வந்தால் அதற்குக் கிண்டல் தனியாக உண்டு. இந்த விதியை வைத்தவர் தென்னூரில் பைக் உதிரி பாகங்கள் விற்கும் கடைக்காரர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். வாரம் முழுக்க கிளட்ச் கேபிளும் பிரேக் ஷூவும் விற்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பச்சைமலைக்குக் கிளம்பிவிடுவார்.

முதல் நாள் டப்பாவை என் முன்னால் நீட்டினார்.

"கோயில் வாசல்ல செருப்பு விடுறீங்கல்ல சார், அது மாதிரி. இங்க சாவி. திரும்பி வரும்போது அப்படியே இருக்கும். கோயில்லகூட அந்த கேரண்டி கிடையாது."

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஸ்கூட்டர் சாவியையும் சில நாணயங்களையும் போட்டேன். வலது பையில் இருந்த வீட்டுச் சாவிக்கொத்தைப் போடவில்லை. முன்கதவு, கிரில் கேட், மொட்டை மாடி, மோட்டார் அறை எல்லாவற்றுக்குமான கனமான இரும்புச் சாவிகள். சத்தம் வராமல் இருக்க கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தேன்.

காரணம் என் மகள். அவள் எனக்கு முன்னால் இறங்கி, பனியில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

போன வருடம் அவளுக்கு முதல் முறையாக வலிப்பு வந்தது. கல்லூரியில், வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில். அலுவலகத்துக்கு போன் வந்து, நான் எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு போனேன் என்று இன்றும் ஞாபகமில்லை. போய்ச் சேர்ந்தபோது அவளை ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். உதட்டோரம் ரத்தம். வலது கை இறுக மூடியிருந்தது. அதற்குள் யாரோ ஒரு பைக் சாவியைத் திணித்திருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தளர்ந்தன. சாவி தரையில் விழுந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

நம் ஊரில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் சுற்றி நிற்கிற கூட்டத்திலிருந்து வருகிற முதல் குரல், "சாவி இருக்கா, சாவி குடுங்க" என்பதுதான். பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். சத்திரத்திலும், சந்தையிலும், கல்யாண மண்டபத்திலும் அதே குரல்தான். இரும்பு கையில் பட்டால் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டர் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார்: அது தானாகவே நிற்கும், இரும்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சாவியை வைத்தால் கையில் காயம்தான் ஆகும், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பாருங்கள், அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். இயற்பியலில் முதுகலை படித்தவன் நான். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அந்தச் சாவி தரையில் விழுந்த சத்தமும் என் மகள் கண்ணைத் திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. அன்று முதல் நான் சாவிக்கொத்து இல்லாமல் அவளோடு எங்கும் போனதில்லை.

டாக்டர் இன்னும் சிலவற்றையும் சொன்னார். மாத்திரை தவறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, ஆற்றில் தனியாக இறங்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டால் மற்றபடி எல்லாப் பெண்களையும் போல இருக்கலாம் என்றார். நாங்கள் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நாங்கள் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஆறு. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். கல்லூரிக்குப் போக அவள் தினமும் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே என்று சொல்லி அனுப்புவேன். ஏன் என்று கேட்டால், சொன்னதைக் கேள் என்பேன். அவள் குளிக்கப் போனால் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் பக்கத்தில் உட்கார்வேன். தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் நின்றால் இருமுவேன். உள்ளே இருந்து அவள் குளிக்கும் மக்கை எடுத்து வாளியை ஒரு தட்டு தட்டுவாள். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். பிறகு மறுபடியும் தண்ணீர்ச் சத்தம். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

வெளியே யாருக்கும் சொல்லவில்லை. மனைவி அதில் உறுதியாக இருந்தாள். "லோ பி.பி.ன்னு சொல்லுங்க. நாளைக்கு ஒரு இடம் வந்தா என்ன பதில் சொல்றது?" என்றாள். என் அண்ணன் வீட்டுக்கே லோ பி.பி. என்றுதான் சொல்லியிருந்தோம். அண்ணி பீட்ரூட் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மகள் தாவரவியல் படிக்கிறாள். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி பாயின் குழுவோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இவளும் போக வேண்டும் என்று கேட்டாள். நாங்கள் முடியாது என்றோம். அவள் சண்டை போடவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு நாள், "நானும் வரேன். அப்படின்னா போலாம்" என்றேன். மனைவி என்னை முறைத்தாள். மகள் சந்தோஷப்படவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள்.

இப்படித்தான் நான் மலை ஏற ஆரம்பித்தேன். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து மாம்பழச்சாலையில் போய் நிற்க வேண்டும். வேன் காவிரிப் பாலம் இறங்கி வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். கொள்ளிடம் தாண்டி, மண்ணச்சநல்லூரில் நெல் அவிக்கும் வாசனை ஜன்னல் வழியாக அடித்து ஓயும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். நான் தூங்க மாட்டேன். முன் சீட்டில் தோழியின் தோளில் சாய்ந்திருக்கும் மகளின் தலையைப் பார்த்துக்கொண்டே வருவேன். வண்டி குலுங்கும்போது தலை அசைந்தால் அது வண்டியால் அசைந்ததா என்று யோசிப்பேன். துறையூரில் டீ. அதற்குப் பிறகு மலைப்பாதை.

பச்சைமலை பெரிய மலை இல்லை. ஊட்டி மாதிரி நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மேலே மரவள்ளிக் காடும் பலா மரமும் சின்னச் சின்ன ஊர்களும்தான். ஊர்களைத் தாண்டிப் போனால் ஓடைகளும் புதர்களும் பாறைகளும் வரும். அங்கே மெதுவாக நடப்போம். ஒரு பறவையைப் பார்த்தவர் கையை மட்டும் தூக்குவார், மற்றவர்கள் அப்படியே நிற்பார்கள். நல்ல மனிதர்கள்தான். ஜீயபுரத்தில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்கா வருவார். வாரம் முழுக்க வாழைத்தாரைக் கொத்துகிற பறவைகளைத் திட்டிவிட்டு, ஞாயிறு அன்று அதே பறவைகளைப் பார்க்க டீசல் செலவில் பங்கு கொடுத்து வருவதாகச் சொல்லிச் சிரிப்பார்.

பாயிடம் முதல் நாளே தனியாகச் சொல்லி வைத்தேன். "பாப்பாவுக்குக் கொஞ்சம் லோ பி.பி. உண்டு. திடீர்னு மயக்கம் வந்தா பயப்படாதீங்க."

"சரி சார்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மகளுக்குப் பறவைகளைவிடப் பூக்கள் மேல்தான் கண். மற்றவர்கள் மரத்தை அண்ணாந்து பார்க்கும்போது இவள் தரையில் மண்டி போட்டிருப்பாள். வழி நெடுக உண்ணிச்செடி ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. அழகாக இருக்கிறதே என்று ஒரு முறை சொன்னேன்.

"அது நம்ம ஊர்ப் பூவே இல்லப்பா. வெளிநாட்டுலேருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தது, மலையையே பிடிச்சிடுச்சு. இங்க பாருங்க" என்று அதன் அடியில் புல்லை விலக்கிக் காட்டினாள். நகக்கண் அளவில் ஒரு நீலப் பூ. விஷ்ணுகிரந்தி. பெயரை மருந்துக்கடையில் கேட்டிருக்கிறேன், பூவைப் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இல்ல. நீங்க என் கையைப் பாத்தீங்க."

உண்மைதான். கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். அந்த மலையில் நான் பார்த்ததெல்லாம் அவளைத்தான். ஆனால் ஒருவரை இப்படி விடாமல் பார்த்துக்கொண்டு நடந்தால், அவர் கால் படுகிற இடத்தில் இருப்பதெல்லாம் நம் கண்ணிலும் படும். அவள் செருப்புக்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தும்பை. அவள் முழங்கால் பதிந்த ஈர மண்ணில் நிலப்பனையின் மஞ்சள் நட்சத்திரம். ஆவாரம்பூ அவள் இடுப்பு உயரத்தில். அதற்கு மேலே வானத்தில் என்ன பறந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கொண்டலாத்தி, மாங்குயில், துடுப்புவால் கரிச்சான் என்று மற்றவர்கள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டது காதில் விழும். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது போயிருக்கும்.

ஒரு நாள் ஓடைக்கரையில் பாய் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம். சருகுகளுக்கு நடுவே ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு மட்டும் இந்தப் பக்கம் வருகிற பறவை. காலையும் மாலையும் வெளிச்சம் மாறுகிற நேரத்தில் கத்துவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. மகள் அதை அதுவரை பார்த்ததில்லை. மெதுவாக, மிக மெதுவாக, ஓடைப் பக்கம் ஒரு அடி வைத்தாள். அங்கே பாறை வழுக்கும் என்று எனக்குத் தோன்றியது. நானும் சட்டென்று ஒரு அடி வைத்தேன். கைக்குட்டை நழுவியிருக்க வேண்டும். பையில் சாவிகள் கலகலவென்றன. குருவி இல்லை.

"யாரு சார் அது மணி ஆட்டுறது? தீபாராதனையா?" என்றார் பாய்.

"பெல்ட்டு" என்றேன்.

மகள் என் பேண்ட் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். திரும்பி நடக்க ஆரம்பித்தாள். அன்று முழுவதும் எனக்கும் அவளுக்கும் நடுவே ஜீயபுரத்து அக்கா நடந்து வந்தார்.

அது வந்தது கார்த்திகையில். இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. மலை முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு முள் புதரின் மேல் செங்காந்தள் படர்ந்து, நெருப்பு மாதிரி பூத்திருந்தது. மகள் அதற்கு எதிரே குந்தி உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பூ விரியும்போது பச்சையாக இருந்து மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாக்கியத்தின் நடுவில் நின்றாள். போன் கையிலிருந்து விழுந்தது. தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. அப்படியே சரிந்தாள்.

நான் தொடுகிற தூரத்தில்தான் இருந்தேன். பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் கத்தவில்லை. தோழி தன் பையை அவள் தலைக்கு அடியில் தள்ளினாள். பாய் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த கல்லைக் காலால் ஒதுக்கினார். "அக்கா, டைம் பாருங்க" என்றார். ஜீயபுரத்து அக்கா ஏற்கெனவே வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயும் தோழியுமாக அவளை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினார்கள். யாரும் அவள் கையையோ காலையோ அமுக்கிப் பிடிக்கவில்லை. எல்லாம் முன்பே பேசி வைத்துச் செய்வது போல நடந்தது.

நான் ஒருவன்தான் பேசி வைக்காததைச் செய்தேன். கைக்குட்டையைப் பிரித்தேன், சாவிக்கொத்தை எடுத்தேன், மண்டி போட்டு அவள் வலது கைக்குள் திணித்தேன். உடனே அந்தக் கை அதை இறுக்கிக்கொண்டது. உடம்பு உதறும்போது சாவிகளும் உதறின. அந்த அமைதியில் அது ஒன்றுதான் சத்தம்.

"சார், என்ன பண்றீங்க? தள்ளுங்க. சாவி கையைக் கிழிச்சிடும்."

"இருக்கட்டும் பாய். இருக்கட்டும்."

"சார்!" பாய் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். ஈர மண்ணில் உட்கார்ந்தேன். அவர் சாவியை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. பலமாக இழுத்தால் விரலுக்கு ஆபத்து என்று விட்டுவிட்டார்.

பிறகு அது தானாக நின்றது. டாக்டர் சொன்னது போலவே. மூச்சு பெரிதாக வந்தது, பிறகு குறட்டை போல வந்தது. விரல்கள் பிரிந்தன. உள்ளங்கையில் ஒரு கீறல், ரத்தம் கோடாக. பாய் சாவிக்கொத்தை எடுத்து என்னிடம் கொடுக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டார். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று புதரிலிருந்து புதருக்குத் தாவிக்கொண்டு ஓயாமல் கத்தியது.

"அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்" என்றார் அக்கா. அவர் முகம் வெளுத்திருந்தாலும் குரல் நிதானமாக இருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தோழி அவள் நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள்.

"உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

பாய் என் பக்கத்தில் வந்து குந்தினார். "முதல் நாளே சொல்லிட்டா சார். துறையூர்ல டீ குடிக்கும்போது, நீங்க சக்கரை கம்மியா போடச் சொல்லி மாஸ்டர்கிட்ட நின்னுட்டு இருந்தீங்க. அப்பதான். ஃபிட்ஸ் வரும், வந்தா இப்படி இப்படிப் பண்ணுங்க, பயப்படாதீங்கன்னா."

"நான் உங்ககிட்ட லோ பி.பி.ன்னு..."

"அதையும் சொன்னா. எங்கப்பா லோ பி.பி.ன்னு சொல்லுவாரு, ஆமான்னு தலையாட்டிடுங்க, பாவம்னா." அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை என்று பார்த்து அடக்கிக்கொண்டார்.

வேன் மலை இறங்கும்போது அவள் பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். துறையூர் தாண்டிய பிறகு முழுதாக விழித்தாள். எழுந்து உட்கார்ந்து, நாக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பிறகு கையைப் பார்த்தாள். பிளாஸ்திரியை ஒட்டியிருந்தோம். அதைச் சுற்றிச் சாவிப் பற்கள் பதிந்த தடம் சிவப்பாகத் தெரிந்தது.

"யாரு சாவி வச்சது?"

ஜீயபுரத்து அக்கா என் பக்கம் பார்த்தார். டிரைவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அதுவே பதிலாகிவிட்டது.

"எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன்ப்பா" என்றாள் மெதுவாக. கோபம் இல்லை, களைப்புதான். "டிரைவர் அண்ணன்கிட்டகூடச் சொல்லியிருக்கேன். உங்ககிட்டயும் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மண்ணச்சநல்லூர் வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் அவளுடைய காதோரத்தில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரிடம் போனில் பேசினோம். திங்கள் அன்று அழைத்துவரச் சொன்னார். மாத்திரை அளவைக் கொஞ்சம் மாற்றினார். மலை ஏறியதால் வரவில்லை, விடியும் முன்பே எழுந்ததால் தூக்கம் கெட்டிருக்கும், அதைத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார். மனைவிக்கு இரண்டாவது பாதிதான் காதில் விழுந்தது.

"இதோட அந்த மலையைத் தலைமுழுகுங்க" என்றாள் சமையலறையில் நின்றுகொண்டு. "நீங்க கூட இருந்தும்தானே விழுந்தா?"

அதை அவள் குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று பகல் முழுக்க அலுவலகத்தில் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. நான் கூட இருந்தும்தான் விழுந்தாள். அப்படியென்றால் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்கம் விட்டு, முழங்கால் வலியோடு, ஒரு பறவையையும் பார்க்காமல் நான் எதற்காக ஏறி இறங்கினேன்? நான் பக்கத்தில் இருந்தால் அது வராது என்று எனக்குள் ஒருவன் நம்பிக்கொண்டிருந்தான். அவன் அந்தச் செங்காந்தள் புதருக்கு முன்னால் செத்துப்போனான். எனக்கு அவன் மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. ஒரு வருடமாகச் சரியாகத் தூங்காதவன்.

மகள் எதையும் கேட்கவில்லை. கல்லூரிக்குப் போனாள், வந்தாள், மாத்திரை போட்டாள். மறுபடியும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவது தொடங்கியது. கையில் பட்ட காயத்தைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வாரக் கடைசியில் ஒரு மாலை பாய் வீட்டுக்கு வந்தார். கடையை மூடிவிட்டு நேராக வந்திருப்பார் போல. நகத்தில் கிரீஸ். சாவிக்கொத்தைக் கொடுத்தார். அதுவரை மனைவி மாற்றுச் சாவியைத்தான் வைத்துக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நேரத்தை மாத்திட்டோம் சார். இனிமே வெயில் வந்தப்புறம்தான் வண்டி. நல்லாத் தூங்கி எழுந்து டிபன் சாப்ட்டுட்டே வரலாம்."

"அந்நேரத்துக்குப் பறவை இருக்குமா பாய்?" என்றேன்.

"எங்க இருக்கும்? அதெல்லாம் வேலையை முடிச்சிட்டு நிழலுக்குப் போயிருக்கும். பூ எங்கயும் போகாதுல்ல. கொஞ்ச நாளைக்குப் பூ பாக்குறோம். எங்களுக்கும்தான் வயசாகுது, தூக்கம் வேணும்ல."

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். "எங்க பொண்ணுக்கு லோ பி.பி. இருக்குங்க. அதனால இனிமே..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா" என்றாள் மகள். "அவங்களுக்குத் தெரியும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருடமாகச் சொந்தக்காரர்களிடமும் அடுத்த வீட்டாரிடமும் அவள் கட்டிக் காத்தது அது. ஒரு வேன் நிறைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதில் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார், வானம் இடிந்து விழவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாயிடம், "சக்கரை போதுமாங்க?" என்று கேட்டாள்.

கிளம்பும்போது வாசலில் பாய் சாதாரணமாகச் சொன்னார். "இந்த வாரம் ஒரு சீட்டுதான் சார் காலி. என்ன செய்றதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

அந்த வேனில் கடைசி வரிசை எப்போதும் காலி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மகளுக்கும் தெரியும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவளே வரட்டும்" என்றேன்.

"என்னங்க..." என்றாள் மனைவி.

ஞாயிறு காலை நல்ல வெயிலில் மாம்பழச்சாலையில் அவளை இறக்கிவிட்டேன். வேன் வந்தது. கடைசி வரிசையில் யாருமே இல்லை. ஜீயபுரத்து அக்கா கண்ணாடி வழியாக வணக்கம் வைத்தார். பாய் முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாத்துக்கங்க பாய்" என்றேன்.

"நாங்க பூவைப் பாக்கப் போறோம் சார். அவளை அவளே பாத்துக்குவா."

வேன் போனது. வீட்டுக்கு வந்தால் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். போனை மேசை மேல் வைத்திருந்தோம். அது இரண்டு முறை அடித்தது. ஒன்று லோன் வேண்டுமா என்று கேட்டது. இன்னொன்று அண்ணி, லோ பி.பி. எப்படி இருக்கிறது என்று. மனைவி போனை வாங்கி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "லோ பி.பி. இல்லக்கா. நேர்ல வாங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் முழங்கால் வரை சேறோடு வந்து செருப்பை உதறினாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. "சோறு இருக்கா? பயங்கரப் பசி" என்றாள். மனைவி எழுந்து உள்ளே ஓடினாள். நான் அவள் உதட்டை, நெற்றியை, கையைப் பார்த்தேன். பிறகு, "என்ன பூ பாத்த?" என்று கேட்டேன்.

அவள் தண்ணீர்ச் சொம்பை வாயிலிருந்து எடுத்தாள். "விழலப்பா. அதானே கேக்கறீங்க?"

"ஆமா."

"அதையே கேளுங்க. பூவை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?" என்று சிரித்துவிட்டாள். அவள் இப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டபடியே சொல்ல ஆரம்பித்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்கில், யாருக்கும் பெயர் தெரியாத ஏதோ வெள்ளைப் பூ. அதைத் தேடி எந்த வழியாகப் போனார்கள், யார் வழுக்கி விழுந்தது, பாய் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாக. நான் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பூவுக்கு எத்தனை இதழ் என்பது வரை கேட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேனாம். விளக்கு வைக்கிற நேரம் வரை என்னை யாரும் எழுப்பவில்லை.